அழகுமலை வெட்டிய எட்டுக் கோட்டு

துபாயின் அல் குசைஸ் தொழிற்பேட்டையின் பின்சந்தில் இருக்கும் அந்தத் தையல் கடையில் அழகுமலைக்கு 'ஆகும் மாஸ்டர்' என்று பெயர். யார் என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். ஒரு தொழிலாளர் கேம்ப் முழுவதற்கும் இந்த வாரத்துக்குள் கவரால் என்ற முழுவுடல் சீருடை வேண்டுமா, ஆகும். தொப்பையுள்ள காவலாளிக்குத் தொப்பை தெரியாத சட்டை வேண்டுமா, அதுவும் ஆகும். எப்படி ஆகும் என்பதை அதற்கப்புறம்தான் யோசிப்பார். பெரும்பாலும் ஆகிவிடும் என்பதால் அவருடைய தன்னம்பிக்கைக்கு அதுவரை பெரிய சேதாரம் எதுவும் வந்ததில்லை.

மேலூர்ப் பக்கத்துக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கத்தரி பிடிக்கக் கற்று, துபாய்க்கு வந்து, கட்டிங் மாஸ்டராகவே தலை நரைத்தவர். சீருடை என்றால் அளந்தோம் வெட்டினோம் என்று போகிற ஆள் இல்லை. "உள்ள இருக்கிற ஆளு என்ன வேலை பாக்குறான்?" என்று கேட்டுவிட்டுத்தான் துணியைத் தொடுவார். கட்டடச் சாரத்தில் நிற்கிறவன் நாள் முழுக்கக் கையைத் தூக்குகிறான், அவனுக்குக் கக்கம் தாராளமாக இருக்க வேண்டும். கிரேன் ஓட்டுகிறவன் அண்ணாந்து பார்க்கிறான், அவனுக்குப் பின்கழுத்து அறுக்கக்கூடாது. காவலாளி உட்கார்ந்தே இருக்கிறான், அவனுக்கு எங்கே தாராளம் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் அவர் ஒரு சித்தாந்தம் போலச் சொல்லுவார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் கவரால் கிழிந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசை பாக்கியிருந்தது. கடையின் முன்பக்கம், கண்ணாடிக்குப் பின்னால், பச்சைத் துணி விரித்த ஒரு மேசை உண்டு. அது கோட்டு சூட்டு வெட்டும் மேசை. அதில் இருந்த கராச்சி மாஸ்டர் லீவில் போனவர் திரும்பவில்லை. முதலாளி கிஷன்சந்த் சேட்டிடம் அழகுமலை மேசையைக் கேட்டார். சேட் நல்ல மனிதர்தான், ஆனால் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "மாஸ்டர், நீ கவரால்காரன். சூட் வேற விஷயம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, கராச்சியிலிருந்து இன்னொருவரை வரவழைக்கப் பேசிக்கொண்டிருந்தார். அழகுமலை பின்கட்டில் நீலக் கவரால்களுக்கு நடுவே நின்றுகொண்டு அந்தப் பச்சை மேசையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் நிஷாந்தன் வந்தான். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவன், துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் எஞ்சினியர். ஓய்வு நேரத்தில் டிராம்போன் என்ற இழுத்து நீட்டும் குழல் ஊதுகிறவன். கையில் ஒரு பழைய இசைத்தட்டு உறை வைத்திருந்தான். 'பஸ் இன்ஸ்பெக்டர்ஸ்' என்ற பிரிட்டிஷ் ஸ்கா இசைக் குழுவின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் அது. அவர்களுடைய பெயர்பெற்ற பாட்டுகளையெல்லாம் திரட்டி ஒரே தட்டில் போட்டிருந்தார்கள். அவனும் துபாயில் இருக்கும் இன்னும் ஏழு பேரும் சேர்ந்து, அந்தத் தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மேடையில் வாசிக்கப் போகிறார்களாம். உறையில் அந்த எட்டுப் பேர் எப்படி உடுத்தி நிற்கிறார்களோ, அப்படியே இவர்களும் நிற்க வேண்டுமாம்.

சேட் கையை விரித்தார். சூட் மாஸ்டர் இல்லை, மாஃபி என்றார். பின்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆகும்."

சேட் திரும்பிப் பார்த்தார். வாடிக்கையாளர் முன்னால் சண்டை போட அவருக்கு மனமில்லை. அழகுமலையைத் தனியே அழைத்து ஒரே பேச்சாகப் பேசினார். இந்த எட்டும் நன்றாக வந்தால் பச்சை மேசை உனக்கு. இல்லாவிட்டால் கராச்சி ஆள் வருவான், நீ ஊருக்குப் போகும் நாள்வரை சூட்டு என்ற வார்த்தையை என் காதில் போடக்கூடாது. அழகுமலை சரி என்றார். அவருக்கு அப்போதே மேசை கிடைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம். எட்டுப் பேர் வாத்தியங்களோடு ஒரு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். பளபளப்பான துணியில் ஒடுக்கமான கோட்டு, விரல் அகலத்துக்குக் கழுத்துப் பட்டி, மூன்று பொத்தான், வெள்ளைக் காலுறை தெரியும்படி குட்டையாக நிற்கும் கால்சட்டை. நன்றாக உற்றுப் பார்த்தார். கோட்டின் வலப்பக்கம் மேலே ஏறி, இடப்பக்கத்தின் மீது விழுந்திருந்தது. ஆண்பிள்ளைக் கோட்டுக்கு இடம்தான் மேலே ஏற வேண்டும், பெண்கள் கோட்டுக்குத்தான் வலம். மார்புப் பையும் இடத்தில் இல்லாமல் வலத்தில் இருந்தது. இது அவருக்கு வினோதமாகப்பட்டது. ஆனால் ஒருவர் இருவர் இல்லை, எட்டுப் பேரும் அப்படித்தான்.

"தம்பி, இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க?"

"வாசிப்பம் அண்ணை. ஆடுவம்."

"எப்படி ஆடுவீங்க? பாட்டைப் போடுங்க, ஆடிக் காட்டுங்க."

நிஷாந்தன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இங்கையோ? கடைக்குள்ளயோ?"

"பின்ன, ஆடுறது தெரியாம நான் எங்க கத்தரி வைக்க?"

அவன் கைப்பேசியில் பாட்டைப் போட்டான். கவரால் குவியல்களுக்கு நடுவே, காஜா எடுக்கும் பையன்களும் சேட்டும் பார்த்திருக்க, கூச்சத்தை விட்டு ஆடினான். முழங்கையும் முழங்காலும் எதிரும் புதிருமாக மேலே ஏறின. நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரி ஓர் ஆட்டம். அழகுமலை அவனைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், அவன் தோளில் கைவைத்துப் பார்த்தார். பிறகு பாட்டை மட்டும் மறுபடி போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"தாளம் இடம் மாறி விழுதே?"

"ஓம் அண்ணை. ஸ்கா எண்டா அதுதான். மற்றப் பாட்டில எங்க அடிப்பாங்களோ, அங்க இவையள் விட்டுடுவினம். எங்க விடுவாங்களோ, அங்கதான் கிடார் வெட்டும்."

அழகுமலையின் முகம் மலர்ந்தது. புதிர் விடுபட்டுவிட்டது. ஊரே அடிக்கிற இடத்தில் அடிக்காதவர்கள், ஊரே போடுகிற பக்கத்திலா பொத்தான் போடுவார்கள்? தாளத்தை மாற்றியவர்கள் கோட்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பாட்டுக்கும் உடுப்புக்கும் எவ்வளவு பொருத்தம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை.

வேலையில் இறங்கினார். இவ்வளவு ஒடுக்கமான கோட்டைப் போட்டுக்கொண்டு இவ்வளவு உயரத்துக்கு முழங்கையைத் தூக்கினால் ஒன்று தையல் விடும், அல்லது கோட்டு மொத்தமும் விலாவுக்கு ஏறிக்கொள்ளும். சாரத்தில் ஏறுகிறவர்களுக்குச் செய்ததை இங்கே கொண்டுவந்தார். கை தூக்கும்போது கோட்டையும் சேர்த்து இழுக்காமல் இருக்க, கக்கத்து வெட்டைச் சின்னதாக்கிக் கக்கத்துக்கு நெருக்கமாக மேலே ஏற்றினார். அடியில், கை தாராளமாக அசைய, உள்ளங்கை அளவு ஒரு சாய்சதுரத் துண்டைக் கண்ணுக்குத் தெரியாமல் இணைத்தார். முதல் கை சரியாக விழாமல் பிரித்தார், இரண்டாவதும் பிரித்தார், மூன்றாவதில் பிடிபட்டது. எட்டுப் பேருக்கும் எட்டு விதமான தோள். டிரம்ஸ் அடிக்கிறவருக்கு ஒரு தாராளம், கிடார்காரருக்கு வேறு. அந்த நாட்களில் அவர் சோற்றை மறந்தார் என்று சொல்லமாட்டேன், நன்றாகவே சாப்பிட்டார். ஆனால் ரூமில் சாப்பிடும்போதும் எதிரே இருப்பவன் கறிக்கரண்டியை எட்டி எடுத்தால் அவன் கக்கத்தைத்தான் பார்த்தார்.

டிரையலுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் என்ன செய்வார்கள்? கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார்கள். கண்ணாடி இடத்தை வலமாக்கிக் காட்டும். மாறித் தைத்த கோட்டு கண்ணாடிக்குள் சரியான கோட்டாகத் தெரிந்தது. பொத்தான் போடும்போது விரல் தடுமாறுகிறது என்று இருவர் சொன்னார்கள். புதுக் காஜா இறுக்கமாகத்தான் இருக்கும், இளகிவிடும் என்று அழகுமலை அடித்துச் சொல்லிவிட்டார்.

நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை. வியாழனன்று எட்டையும் வாங்கிப் போக நிஷாந்தனும், குழுவின் பாடகர் டெரிக்கும் வந்தார்கள். டெரிக் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், ஆறடிக்கு மேல் உயரம், சேட்டைப் போலவே பருமன். கூட அவர் மனைவியும் வந்திருந்தார். டெரிக் கோட்டை மாட்டிக் கண்ணாடியைப் பார்க்க, அவர் மனைவி கண்ணாடியைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இது எங்கள் பெண்கள் பக்கத்துப் பொத்தானல்லவா என்று சிரித்தார். டெரிக் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

சேட் ஓடி வந்தார். அழகுமலை அசையவில்லை. உறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"படத்தைப் பாருங்க. எட்டுப் பேருக்கும் அப்படித்தான இருக்கு? அவங்க தாளமே மாத்திப் போடுற ஆளுங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. ஒரு நிமிடம் டெரிக்கே குழம்பிப் போனார். நிஷாந்தன் மட்டும் படத்தில் இருந்த டிராம்போன்காரனின் மேல் விரலை வைத்தான்.

"அண்ணை, இவன் இடக்கையால குழாயை இழுக்கிறான். அப்பிடி ஆரும் இழுக்கிறேல்ல. வலக்கையாலதான் இழுக்கிறது." விரல் நகர்ந்தது. "டிரம்பெட்டும் இடக்கையில. மணிக்கூடெல்லாம் வலக்கையில கட்டியிருக்கினம். எட்டுப் பேரும் இடக்கைக்காரரா இருக்க ஏலாது." நிமிர்ந்தான். "படத்தைத் திருப்பி அடிச்சிருக்கிறாங்கள் அண்ணை. குழுவின்ர பேர் எழுத ஒரு பக்கம் இடம் வேணும் எண்டு. நான் சின்ன வயசில இருந்து பாக்கிற படம், எனக்கே இண்டைக்குத்தான் தெரியுது."

அழகுமலைக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆணுக்குப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பனியன் கம்பெனியில் முதல் மாதம் கற்றுக்கொண்ட பாடத்தை, பெரிய கண்டுபிடிப்பு செய்வதாக நினைத்துக்கொண்டு, தானே கோட்டை விட்டுவிட்டார். மாற்றவும் வழியில்லை. காஜா வெட்டியாகிவிட்டது, பை வெட்டியாகிவிட்டது. வெட்டிய துணி ஒட்டாது.

டெரிக் கத்தவில்லை. வேறு உடுப்புக்கு நேரமில்லை, இதையே போடுகிறோம், ஆனால் எங்கே தைத்தது என்று கேட்பவர்களிடம் நடந்ததைச் சொல்வேன் என்று மட்டும் சொன்னார். அவர்கள் போனதும் சேட் நாற்காலியில் உட்கார்ந்தார். "கலாஸ், முடிஞ்சுது மாஸ்டர். திங்கட்கிழமை கராச்சி ஆளுக்கு விசா போடுறேன்" என்றார். திட்டியிருந்தால்கூட அழகுமலைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஊருக்கு வீடியோவில் பேசினார். மனைவி சீதாலட்சுமி கதையைக் கேட்டுவிட்டு முதலில் நன்றாகச் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"மாத்தவே முடியாதா?"

"காஜா போட்டாச்சுல்ல."

"அது போகட்டும். வேற எதுவும் தப்பா இருக்கா? அதையாச்சும் சரி பண்ணுங்க."

அழகுமலை யோசித்தார். தோளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மனதில் தொட்டுப் பார்த்தார். "வேற ஒண்ணும் மாத்த வேண்டியதில்ல. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே உறைத்தது. பக்கம் தவறு. கோட்டு தவறில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

"அப்ப அங்க போய் நின்னு பாருங்க" என்றாள் சீதாலட்சுமி.

போனார். சனிக்கிழமை மாலை, காலரில் நூல் கோத்த ஊசி ஒன்றைக் குத்திக்கொண்டு, நிஷாந்தனின் காரில் போனார். ஹோட்டல் புல்வெளியில் மேடை. நவம்பர் மாதக் காற்று இதமாக இருந்தது. வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில் சேட்டும் வந்திருந்தார், கராச்சி மாஸ்டர் கடைசியாகத் தைத்துக் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டில். இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

பாட்டு தொடங்கியது. கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பாட்டுகளோடு வளர்ந்த வெள்ளைக்காரர்கள், வயிறு பெருத்தும் பழைய கோட்டை விடாதவர்கள். மீதிப் பேர் யார் யாரோ. எல்லோரும் நின்ற இடத்தில் ஓடினார்கள். கிடார் இடம் மாறி வெட்டியது, குழல்கள் மூன்றும் சேர்ந்து கூவின. அழகுமலைக்கு இசை காதில் விழுந்ததாகவே நினைவில்லை. அவர் பதினாறு கக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெரிக் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் குதித்தார். கோட்டின் கீழ்விளிம்பு இருந்த இடத்தில் இருந்தது. நிஷாந்தன் குழாயை முழு நீளத்துக்கு இழுத்தான். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. அருகில் ஆடிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவின் பழைய கோட்டு மட்டும் கக்கத்தில் டர்ரென்று விட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஆடினார். அழகுமலைக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் எட்டுப் பேரும் உறையில் இருந்த மாதிரியே வரிசையாக நின்றார்கள். பின்னால் திரையில் அந்தப் படம் பெரிதாக விழுந்தது. மேலேயும் கீழேயும் ஒரே கோட்டு, ஒரே பை, ஒரே பக்கம். யாரோ கண்டுபிடித்து, பொத்தானைப் பார், பொத்தானைப் பார் என்று கத்தினார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. வியாழனன்று முகம் சிவந்த டெரிக், ஒலிவாங்கியைப் பிடித்து, எங்கள் டெய்லர் உறையை அப்படியே உரித்து வைத்திருக்கிறார் என்று அறிவித்தார். ஆட்கள் அழகுமலையைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு ஒன்று, எனக்கும் ஒன்று, படத்தில் இருக்கிற பக்கத்திலேயே பொத்தான் வைத்து. படம் எடுத்துக்கொள்கிறவர்கள் பிடித்து இழுத்ததில் டெரிக்கின் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. அந்த மாலையில் அவர் தைத்த கோட்டுகளுக்கு ஏற்பட்ட ஒரே சேதம் அதுதான். தைத்துத் தருகிறேன் என்று அழகுமலை கோட்டை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார்.

சேட் அதற்குள் கடையின் கார்டுகளை வழங்கி முடித்திருந்தார். "மாஸ்டர், மேசை உனக்குத்தான்" என்று தோளில் தட்டினார். "பொத்தான் ஐடியா பிரமாதம். இனிமே அதுதான் நம்ம ஸ்பெஷல்."

சந்தோஷப்பட வேண்டிய இடம். அழகுமலைக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் பாடுபட்டது கக்கத்துக்கு. அதை ஒரு மனிதன் பார்க்கவில்லை. செய்த ஒரே தவற்றுக்கு மேசை கிடைத்திருக்கிறது. தவற்றுக்குக் கிடைத்த மேசையில் நின்று எந்த முகத்தோடு கத்தரி பிடிப்பது? ரூமுக்கு வந்ததும் காலரில் இருந்த ஊசியை எடுத்து டெரிக்கின் கோட்டுப் பொத்தானைத் தைத்தார்.

மறுநாள் காலை சேட் ஷட்டரைத் திறந்ததும், பொத்தான் தைத்து முடித்த டெரிக்கின் கோட்டோடு அழகுமலை முன்னே போய் நின்றார்.

"சேட், பொத்தான் ஐடியா இல்ல. அது தப்பு. தப்புக்காக மேசை குடுக்கிறதா இருந்தா எனக்கு வேணாம்."

சேட்டுக்கு விளங்கவில்லை. ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறதே, அப்புறம் என்ன தப்பு என்றார்.

"நேத்துப் போட்டிருந்த உங்க கோட்டைப் போடுங்க." இரவு சேட் கடைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்த சாம்பல் கோட்டை எடுத்துக் கொடுத்தார். "பொத்தான் போட்டுக்கிட்டு ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

சேட் தூக்கினார். கோட்டு மொத்தமும் விலாவுக்கு ஏறியது, சட்டை வெளியே வந்தது, கழுத்துப் பட்டி காதைத் தொட்டது.

"இப்ப இதைப் போடுங்க."

டெரிக்கின் கோட்டைச் சேட் போட்டார். பொத்தான் போடத் தடுமாறினார். கையைத் தூக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் தூக்கினார். குனிந்து விளிம்பைப் பார்த்தார். இடக்கையை வலத் தோளுக்கு மேல் கொண்டுபோய் முதுகைச் சொறிந்து பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, முழங்கையும் முழங்காலுமாக, நேற்றுப் பார்த்ததை மெல்ல ஆட ஆரம்பித்தார். அந்த உடம்பு அப்படி ஆடும் என்று கடையில் யாரும் நினைத்ததில்லை. கவரால்களுக்கு நடுவே ஒரு சுற்று ஆடி, பச்சை மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கோட்டு அசையவில்லை.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணு வெட்டு."

அழகுமலை அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். இந்தமுறை கேட்டுவிடுவது என்று முடிவுசெய்திருந்தார்.

"பொத்தான் எந்தப் பக்கம் சேட்?"

சேட் இரண்டு கையையும் இன்னொரு முறை தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"பொத்தானை எங்க வேணா வை. கக்கம் இப்படியே இருக்கணும்."

"ஆகும்" என்றார் அழகுமலை.